ஒரு குரல், ஒரு கித்தார்

பருத்தி எடுத்த கை கித்தாரைப் பிடித்தால் எப்படியிருக்கும் என்று அறிய விரும்பும் தோழர்கள், அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 1994இல் வெளியிட்ட ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ இசைத்தட்டைக் கேட்க வேண்டும். ஆங்கிலம் முழுதும் விளங்காவிட்டாலும் பாதகமில்லை.

இவர் 1932இல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். நொடித்துப்போன குடியானவர்களுக்காக அரசாங்கம் அமைத்த டையஸ் குடியேற்றத்தில், 20 ஏக்கர் பருத்திக் காட்டில் குடும்பமே பாடுபட்டது. வீட்டுச் செலவுக்கு நாலு காசு சேர்க்க மரம் அறுக்கப் போன அண்ணன் ஜாக், 1944இல் இயந்திர ரம்பத்தில் அறுபட்டு மாண்டான். பள்ளிக்குப் போகிற வயது. மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் எடுக்கவும் பிள்ளைகளை அழைத்துப்போன நம் லயத்துக் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பின்னர் பெரும் புகழடைந்தார். ஆனால் விற்பனை இறங்கியதும், 1958 முதல் அவர் பாட்டை விற்ற கம்பெனி 1986இல் கைகழுவிவிட்டது. பால் இறங்குகிற மட்டும் மரம், அப்புறம் விறகு. பேர்பெற்ற பாடகனுக்கும் அதே கணக்குத்தான்!

அறுபதைத் தாண்டியவரை ரிக் ரூபின் என்ற தயாரிப்பாளர் தேடிப்போய், வாத்தியக் கோஷ்டி இல்லாமல் பாடச் சொன்னார். ரூபினின் வீட்டுக் கூடத்திலும், டென்னசியில் கேஷின் மரக்குடிலிலும் பெரும்பாலான பாட்டுகள் பதிவாயின. மொத்தம் 13, சில அவரே எழுதியவை. முதற்பாட்டு, ஒரு பெண்ணைச் சுட்டுக் கொன்றவன் பாடுவது. அது நமக்கு உவப்பில்லை. விடுதியில் கைதட்டலோடு பதிவான இரண்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லை. ஆனால் வியட்நாம் போரிலிருந்து மீண்டவனைப் பற்றி அவர் எழுதிய பாட்டு நம்மை உலுக்கிவிட்டது. தொண்டையில் ஏறிய வயதை மறைக்க அங்கே எதுவுமில்லை. அந்தத் தட்டுக்கு நாட்டுப்பாடல் பிரிவில் கிராமி பரிசும் கிடைத்தது. 2003இல் அவர் மறைந்தார்.

நம் சங்க விழாக்களைப் பாருங்கள். வாடகை ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு அலறுகிறது. பால் வெட்டிக்கொண்டே பாடிய கிழவிகள் பின்வரிசையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாடச் சொன்னால், “வாத்தியம் இல்லாம எப்படிப் பாடுறது, தம்பி?” என்று வெட்கப்படுகிறார்கள். வாத்தியம் வேண்டாம், பாட்டி! தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனையாயின, லயங்கள் கலைந்தன. பாட்டுத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கைத்தொலைபேசியோ எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது.

அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வாடகைக்குப் பணம் ஒதுக்கும் பேச்சு வரும்போது, செயலவையினர் இதையும் எடுத்துப் பேச வேண்டும். யார் வீட்டில் எந்தப் பாட்டி பாடுவார் என்ற பட்டியலை நாம் எழுதத் தொடங்கிவிட்டோம்.