மழைக்காலத்தில் இறுகும் மரப் பொருத்துகள்

இல்லத்துப் பொருள்களுள் புத்தக இறாக்கை நீண்ட ஆயுளுடையது. தந்தையார் செய்வித்த இறாக்கையில் மக்கள் தம் பாடநூல்களை அடுக்குகின்றனர். பின்னர் அது பேரப்பிள்ளைகளைச் சேர்கிறது. அவற்றுள்ளும், நிலைப்பலகையில் வெட்டிய காடிக்குள் தட்டின் முனையை ஆணியின்றிச் செலுத்திச் சுவரோடு நிறுத்தும் வகை மிகவும் பிரயோசனமானது. வேண்டியபோது கழற்றலாம், தட்டுகளைக் கூட்டலாம், குறைக்கலாம். டென்மார்க்கைச் சேர்ந்த போல் கடோவியஸ் என்பார், சுவரில் மாட்டி விரும்பியவாறு மாற்றியமைக்கத்தக்க இறாக்கைத் தொகுதியொன்றை 1948 ஆம் ஆண்டில் வகுத்தமையும் இவ்வசதியை நோக்கியே.

குருவிட்ட போன்ற மழை மிகுந்த ஊர்களில் இவ்வகை இறாக்கைக்கு ஓர் இடர் நேர்கிறது. மாசியில் எளிதாகக் கழன்ற தட்டு ஆனியில் அசைய மறுக்கிறது. வீட்டார் பொறுமையிழந்து இழைப்புளியால் சீவிவிடுகின்றனர். அடுத்த மாசியில் அதே தட்டு தளர்ந்து ஆடுகிறது. ஆட்டத்தை நிறுத்த ஆணி அறைகின்றனர். அத்துடன் இறாக்கையின் அருமையான குணம் அழிந்துபோகிறது.

இதன் காரணத்தை மாணவர் அறிந்துகொள்ளல் நன்று. மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். காற்று வறண்டால் அதை வெளிவிடும். காற்றின் ஈரப்பதன் 65 வீதமாயின், மரம் தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 12 வீத நீரைக் கொண்டிருக்கும். 80 வீதமாயின் அது ஏறத்தாழ 16 வீதமாகும். இரத்தினபுரிப் பகுதியோ ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுவது. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். தையும் மாசியுமே சற்று வறண்ட மாதங்கள்.

ஈரமேறிய மரம் நார் ஓடும் நீளவாக்கில் வளர்வது மிகச் சொற்பம். அகலத்திலும் பருமனிலுமே பருக்கும். நிலைப்பலகையின் நார் மேல்நோக்கி ஓடுகிறது. காடியின் வாயும் அந்நீளவாக்கில் அளக்கப்படுவதால் அது விரிவதில்லை. அதனுள் நுழையும் தட்டின் பருமனோ மிகுகிறது. அம்மிகுதி ஒரு தாளின் கனமளவே இருக்கலாம். ஆயினும் நெருக்கமாய் அமைந்த பொருத்தை இறுக்கிப் பிடிக்க அதுவே போதும்.

ஆதலால் நாம் கூறும் முதல் விதி, மழைக்காலத்தில் இறுகிய பொருத்தைச் சீவலாகாது என்பதே. அவசரமாகக் கழற்ற வேண்டுமாயின், புத்தகங்களை இறக்கிவிட்டுப் பொருத்துக்கு அருகே ஒரு மரத்துண்டை வைத்து, கொட்டாப்புளியால் இரு முனைகளிலும் மாறிமாறி மெல்லத் தட்டுக. சுத்தியல் தட்டின்மேல் நேரே படலாகாது. கழற்றிய தட்டுகளை இடையிடையே குச்சிகள் வைத்து அடுக்கி, காற்றோட்டமுள்ள நிழலில் சில வாரம் உலரவிடுக. வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் அவை கோணும், வெடிக்கவுங்கூடும்.

வறண்ட மாதத்திலும் பொருத்து இறுகியே இருப்பின் திருத்தலாம். முதலில் பழைய வர்ணத்தையும் மெருகையும் சுரண்டி நோக்குக. பல சமயம் குற்றம் அவற்றினதே. பின்னர் தட்டின் முனையில் பென்சிலாற் கரிபூசி, காடிக்குள் செலுத்தி வெளியே எடுக்கவும். கரி எங்கே தேய்ந்து பளபளக்கிறதோ அங்கேதான் உராய்வு உண்டு. சட்டமான கட்டையில் அரத்தாளைச் சுற்றி அவ்விடத்தை மாத்திரம் தேய்த்து, மீண்டும் பொருத்திப் பார்க்குக. தட்டையே தேய்க்க வேண்டும், காடியை அகலப்படுத்தலாகாது. தட்டில் மிகுதியாகத் தேய்ந்தால் மெல்லிய மரச்சீவலை ஒட்டி ஈடுசெய்யலாம். காடியைச் சீர்ப்படுத்துவது கடினம். ஈற்றில் மெழுகுதிரியைப் பொருத்தின் இருபுறமும் உரைத்துவிடுக. உள்ளங்கையால் அழுத்தும்போது தட்டு ஆடாமல் உட்சென்றால் வேலை முடிந்தது.

தட்டின் இரு முகங்களுக்கும் முனைகளுக்கும் ஒத்த அளவில் மெருகிடுதலும், இறாக்கைக்கும் ஈரச்சுவருக்கும் இடையே சிறிது வெளி விடுதலும் பின்னர் வரும் துன்பத்தைக் குறைக்கும். ஒவ்வொரு தட்டின் பின்புறத்திலும் அதற்குரிய காடியின் இலக்கத்தை எழுதிவைத்தல் பிள்ளைகளுக்குத் தகுந்த வேலை.

இதனைச் சிறு காரியமென எண்ணலாகாது. 2003 ஆம் ஆண்டு வைகாசியிலும் 2017 ஆம் ஆண்டு வைகாசியிலும் இரத்தினபுரி மாவட்டத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. நீர் ஏறும் வேளையில் ஆணியறைந்த இறாக்கை சுவரோடு நின்று நனையும். கழற்றத்தக்கதாயின், பிள்ளைகளின் நூல்களோடு அதனையும் மேட்டுக்குக் கொண்டுசெல்லலாம். பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர். ஆனியில் எடுத்த இழைப்புளியைத் தை பிறக்கும்வரை கீழே வைத்திருப்பவர், தம் மக்களுக்கு ஓர் இறாக்கையைக் காப்பாற்றிக் கொடுப்பவராவர்.