திருத்தலாம், அழிக்கலாகாது

வீட்டுக் கணக்கைக் கணினியில் வைத்துக்கொள்வோர் நம்மிடையே பெருகிவிட்டனர். நல்லதுதான். ஆனால் அந்த வசதியில் ஒளிந்திருக்கும் ஓர் அபாயத்தைப் பற்றி அதிகம் பேசக் காணோம். வைகாசியில் கல்யாணச் செலவுக்கு எட்டு லட்சம் என்று திட்டமிடுகிறோம். ஆவணியில் அதைப் பத்தாக மாற்றுகிறோம். மொத்தத் தொகை ஒரு நொடியில் மாறிவிடுகிறது. எட்டு என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம் என்பதற்குச் சாட்சியே இல்லை. ஆண்டு முடிவில் திட்டமும் செலவும் பொருந்தின என்று மென்பொருள் நற்சான்று வழங்குகிறது. பொருந்தாமல் எங்கே போகும்? அளவுகோலையே அல்லவா நீட்டியிருக்கிறோம்!

கணக்கைப் பற்றிப் பேசும்போது கண்டனூர்ப் பக்கம் திரும்பாமல் இருக்க முடியாது. காரைக்குடியை அடுத்த அவ்வூரைப் போன்ற நகரத்தார் ஊர்களின் பெருவீடுகள், பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் நடந்த கொடுக்கல் வாங்கலால் எழுந்தவை. முதலாளி ஊரில் இருப்பார். கடல்கடந்த கடையை மேலாள் நடத்துவார். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. (ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் படித்தவர்களுக்கு அந்த வட்டிக்கடை உலகம் புதிதல்ல.) இருவருக்கும் இடையே நம்பிக்கையைத் தாங்கி நின்றது கணக்குதான். அன்றாட வரவு செலவு குறிப்பில் ஏறும். அங்கிருந்து பெயர்வாரியாகப் பேரேட்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தொகை எடுப்பார்கள். ஒரே தொகை இரண்டு ஏடுகளில் நின்றதால், ஒன்றில் கைவைத்தால் மற்றொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

அரசாங்கமும் இந்த நெறியை அறியும். கண்டனூர்க் குடும்பத்தைச் சேர்ந்த ப. சிதம்பரம் 1996க்கும் 2014க்கும் இடையில் ஒன்பது முறை மத்திய நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்தார். அவருடைய அரசியலோடு உடன்படலாம், மாறுபடலாம். இங்கே நான் சுட்டுவது அந்த ஆவணத்தின் வடிவத்தை மட்டுமே. நடப்பாண்டுக்கு முதலில் சொன்ன மதிப்பீடு ஒரு பத்தியில் நிற்கும். திருத்திய மதிப்பீடு அதன் பக்கத்துப் பத்தியில் நிற்கும். முன்னதை அழித்துவிட்டுப் பின்னதை எழுதுவதில்லை. நிறுவனங்களுக்கும் 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம் வந்துவிட்டது. அவை பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பதிவை நிறுத்திவைக்க வழி இருக்கலாகாது. வீட்டுக் கணக்குக்கு மட்டும் இத்தகைய காவல் எதுவும் இல்லை.

வீட்டுக்கு எதற்கு இத்தனை கெடுபிடி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வீட்டில் தணிக்கையாளர் இல்லை என்பதே என் பதில். கணவனும் மனைவியும் ஒரே கோப்பைப் பார்க்கும் வீட்டில், ஒருவர் ஓசையின்றி மாற்றிய எண் மற்றவரின் நம்பிக்கையைத் தின்கிறது. உ.வே.சாமிநாதையர் தாம் ஏற்ற பாடத்தோடு நில்லாமல் பிரதிபேதங்களையும் குறித்துவைத்தார். மாற்றிய எண்ணுக்குப் பக்கத்தில் பழைய எண்ணையும் தேதியையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவைப்பது அதைவிடக் கடினமான காரியமல்ல.

சரி, புதிதாக ஒன்றை முயன்று பார்க்க வேண்டுமென்றால்? ‘உணவு’ என்னும் தலைப்பின் கீழ் அரிசி, காய்கறி, பால் என்று பிரித்தால் மொத்தம் என்னவாகும் என்று அறியும் ஆவல் இயல்பானது. சில மென்பொருள்களில், மேல்தலைப்பில் நேரடியாக ஓர் எண்ணை இட்டுவிட்டால் உட்தலைப்புகளின் கூட்டுத்தொகை மறைந்துவிடும். வரவைக் கழித்தல் குறியோடு காட்டும் மென்பொருள்களும் உண்டு. இவற்றையெல்லாம் அசல் கோப்பில் சோதிக்கக் கூடாது. கோப்பை மூடி, நகலெடுத்து, நகலுக்குத் தேதியோடு வேறு பெயர் இட்டு, அதைத் திறக்க வேண்டும். நகலில் வங்கி இணைப்பு இருந்தால் துண்டித்துவிட வேண்டும். முடிந்துபோன ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்பே, மொத்தம் என்னவாகும் என்பதைக் காகிதத்தில் கணக்கிட்டு எழுதிவிட வேண்டும். விடையைப் பார்த்தபின் ‘நானும் இதைத்தான் நினைத்தேன்’ என்பது சோதனை ஆகாது.

மொத்தம் சரியாக வந்துவிட்டதே என்று திருப்தியடைவதும் ஆபத்து. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கைவசமிருந்த நிலம் 1930இல் சுமார் 6 சதவீதம். 1938இல் சுமார் 25 சதவீதம். பெருமந்தத்தில் திரும்பாத கடன்கள் நிலமாக மாறின. வரவேண்டிய பணம் என்று இருந்த தொகை, நிலம் என்னும் வேறொரு தலைப்புக்குப் போனது. கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இடமாற்றம் புலப்படாது. வரிவரியாகப் பார்ப்பவருக்கே புலப்படும். ஆகவே பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பக்கம் பக்கமாக வைத்து ஒவ்வொரு வரியையும் ஒப்பிடுவதே முறையான சோதனை.

திட்டம் மாறுவது குற்றமல்ல; விலைவாசி மாறுகிறது, மனமும் மாறுகிறது. எங்கே, எப்போது, எதற்காக மாறியது என்று பின்னர் படிப்பவருக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத கணக்கு, எவ்வளவு அழகாகக் கூட்டிக் காட்டினாலும், கணக்காகாது என்பது என் கட்சி.