மைதானம் யாருக்கு?

விளையாட்டுப் பற்று இரத்தத்தில் ஊறுவது என்பர் சிலர். தந்தை எக்கழகத்தின் பக்கமோ மைந்தனும் அக்கழகத்தின் பக்கம். பாட்டன் ஆர்ப்பரித்த மைதானத்திலேயே பேரனும் ஆர்ப்பரிக்கின்றான். இஃது இயற்கை நியதி என்று மனமுருகுவர். கண்டி மாநகரில் றக்பிப் பருவம் வந்துவிட்டால் இப்பேச்சுக்குக் குறைவே இராது. இக்கூற்றை நாம் மறுக்கின்றோம். அதன் அழகை மறுக்கவில்லை. அது இயற்கை என்பதையே மறுக்கின்றோம்.

கண்டி விளையாட்டுக் கழகம் 1874 ஆம் ஆண்டு, கோப்பித் தோட்டத் துரைமாரின் காலத்தில் தோன்றியது. 1945 முதல் கண்டித் திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காகப் பொருதி வருகின்றன. பழைய மாணவராகிய தந்தையர் தம் மைந்தரை அணைத்தபடி நின்று குரலெழுப்பும் காட்சி இனியதே. ஆயினும் அவ்வின்பத்தின் அடியில் இருப்பவை யாவை? ஒரு கல்லூரி, அதன் மைதானம், அங்கே இடம்பெற்ற குடும்பம், அக்குடும்பத்துக்கு வாய்த்த ஓய்வு. இரத்தமன்று, நிலமும் நேரமுமே மரபாக இறங்குகின்றன.

உதைபந்தாட்டத்தின் வரலாறும் இதற்குச் சான்று. மஞ்செஸ்டர் யுனைற்றெட் 1878 இல் புகையிரதத் தொழிலாளர் அமைத்த கழகம். ஆர்சனல் 1886 இல் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர் அமைத்த கழகம். இங்கிலாந்தின் தொழிலாளி சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வை வென்றெடுத்த பின்னரே மகனின் கைபிடித்து ஆட்டம் பார்க்கச் சென்றான். கல்கத்தாவிலே 1911 இல் மோகன் பகான் அணியினர், பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யோர்க்சயர் படையணியை 2-1 என்று வென்ற செய்தி, வங்கத்துக் குடும்பங்களிலே தலைமுறைச் சொத்தாயிற்று. தம்முடையது என்று சொல்ல ஒன்று இருந்தமையாலேயே அவர்கள் அதனைப் பிள்ளைகளுக்கு அளிக்க முடிந்தது.

இனி நகரை விட்டு மலையேறுவோம். கலஹாவிலும் ஹந்தானையிலும் புசல்லாவையிலும் லயத்துக் காம்பிராக்களில் வாழ்ந்த தந்தை தன் மகனுக்கு எந்த அணியைக் கொடுத்திருக்க முடியும்? 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கிற்று. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு நாளுக்கென ஒதுக்கப்பட்டனர். 1995 இல் இலங்கை உதைபந்தாட்ட அணி கொழும்பிலே இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அன்றும் இம்மண்ணிற் பிறந்து, இம்மண்ணில் உழைத்து, பிரசையென ஏற்கப்படாத தந்தையர் இருந்தனர். அவர்களுக்கென 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. ‘நம் நாடு வென்றது’ என்று மகனிடம் சொல்லும் உரிமையையே பறித்துவிட்டு, மலையகத்தானுக்கு நாட்டுப் பற்றில்லை என்று பழிப்பது என்ன நீதி?

‘முரளிதரன் எழவில்லையா?’ என்பர். எழுந்தார், 800 விக்கெட்டுகள் வீழ்த்தினார், அப்பெருமை நமக்கும் உண்டு. அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவரே. ஆனால் தந்தையார் கண்டியிலே பிஸ்கட் தொழில் நடத்தியவர். முரளிதரன் கற்றது கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில். திறமையோடு மைதானமும் பயிற்சியும் வாய்த்தன. ஒருவர் ஏறிய ஏணியைக் காட்டி, ஏணியே இல்லாத ஆயிரம் பேரைச் சோம்பேறிகள் என்பது வாதமாகாது.

நம் அணியிலுள்ள தோழர் சிலரோ, இவ்வார்வமெல்லாம் மக்களை மயக்கும் அபின் என்று கையை உதறிவிடுகின்றனர். தேயிலை மலையில் நாள் முழுதும் நின்ற தந்தை, இரவிலே மகனோடு அமர்ந்து தொலைக்காட்சியில் மெஸ்ஸியின் ஆட்டத்தைப் பார்க்கின்றான். பகலெல்லாம் பேச நேரமற்ற இருவர் அவ்வேளையிற் பேசிக்கொள்கின்றனர். இதனை இகழ நமக்கு என்ன உரிமை? இகழத்தக்கது வேறு. இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் 2023 தை மாதம் உலகச் சம்மேளனத்தால் இடைநிறுத்தப்பட்டு, ஆவணியிலேதான் மீண்டது. அம்மாதங்களில் அச்சிறுவனுக்கு அந்நிய நாட்டு வீரனின் பெயர் பொறித்த சட்டை கடையிற் கிடைத்தது; சொந்த நாட்டின் அணியோ சர்வதேசக் களத்தில் இல்லை. விற்பனை தடையின்றி நடந்தது, விளையாட்டு நின்றது.

ஆகவே ஆசிரியர்களே, மாணவர்களே, நாம் கேட்கவேண்டியவை மூன்று. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெயரால் பறிக்கப்படும் உடற்கல்விப் பாடவேளை பிள்ளைகளுக்கே திரும்பவேண்டும். ஞாயிறு தோறும் பாடசாலை மைதானங்கள் தோட்டத்துக் குடும்பங்களுக்குத் திறக்கப்படவேண்டும். தோட்டந்தோறும் சமதளமான நிலத் துண்டொன்று, பிரட்டுக்களத்தைப் போல வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடமாகவன்றி, ஆடுவதற்கென்றே ஒதுக்கப்படவேண்டும். அங்கே மகனோடு மகளும் ஆடவேண்டும். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த தாயும் ஓரத்தில் நின்று ஆரவாரிக்க ஓய்வு வேண்டும்.

இவை சலுகைகளல்ல. மலையைத் திருத்தித் தோட்டமாக்கியவர் மக்கள் தம் பிள்ளைகளோடு பந்துதைக்க ஒரு திடல் கேட்கின்றனர். கொடுக்க மறுப்போர், இரத்தத்தில் ஊறிய பற்றைப் பற்றி இனி நம்மிடம் பேசாதிருக்கட்டும்.