பழைய சீட்டும் புதிய சூதும்

கோயமுத்தூர் மில் ஆபீஸ்களிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய காலத்தில், அதனோடு கூடவே ஒரு சீட்டுக் கட்டும் வந்து சேர்ந்தது. பேரேட்டுக் கணக்கை இயந்திரத்தில் ஏற்றக் கற்ற குமாஸ்தாக்களில் பலர், பச்சை நிறத் திரையின் மேல் சீட்டுக்களை இழுத்து அடுக்கியே மௌஸைப் பிடிக்கப் பழகினர். அந்தச் சாலிட்டேர் ஆட்டம் இன்று கைப்பேசியில் குடிபுகுந்திருக்கிறது. நாற்பது, ஐம்பது பிராயமடைந்தோர் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் அதை வரவேற்கின்றனர். அம்மகிழ்ச்சியைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆனால் திரும்பி வந்திருப்பவன் அந்தப் பழைய சிநேகிதன்தானா என்று விசாரிப்பது நமது கடமை.

அவ்வாட்டத்தின் வரலாறு தெரிந்துகொள்ளத் தக்கது. மைக்ரோசாப்ட் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த வெஸ் செர்ரி என்னும் இளைஞர் அதை எழுதினார். சூசன் கேர் என்னும் சித்திரக்காரர் சீட்டுக்களை வரைந்தார். 1990-ல் விண்டோஸ் 3.0-உடன் அது வெளிவந்தது. செர்ரிக்கு அதற்கெனத் தனிச் சன்மானம் ஏதும் கிடைக்கவில்லை. பின்னர் ஹார்ட்ஸும் ப்ரீசெல்லும் வந்தன. ப்ரீசெல்லில் எண்ணிட்ட 32,000 ஆட்டங்களில் 11,982-ஆம் எண் ஒன்றே யாருக்கும் வசப்படாதது என்று, பல தேசத்து அன்பர்கள் ஊதியமின்றிக் கூடி உழைத்துக் கண்டறிந்தனர். அவ்வாட்டங்களில் பணயம் இல்லை, விளம்பரம் இல்லை. தோற்றவர் மறுபடி கலைத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆபீஸ் நேரம் வீணாயிற்று என்ற பழியைத் தவிர வேறு கெடுதல் விளையவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தால் ஆட்டமும் அணைந்தது.

2012-ல் வந்த விண்டோஸ் 8 அவ்வாட்டத்தைத் தன்னுடன் கொண்டுவரவில்லை. 2016-ல் அது ஐபோனுக்கும் ஆண்ட்ராய்ட் கைப்பேசிகளுக்கும் வந்தது. சீட்டு பழைய சீட்டுத்தான். ஆனால் இப்பொழுது ஆடுகிறவர் விளம்பரம் பார்க்க வேண்டும், இல்லையேல் சந்தா கட்ட வேண்டும். தினந்தோறும் ஒரு புதுச் சவால் அவரைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது. முன்பு, அவர் ஆட்டத்தை நிறுத்தினால் எவருக்கும் நஷ்டமில்லை. இன்று அவர் நிறுத்தாமலிருப்பதே மற்றொருவருக்கு லாபம்.

இம்மட்டோடு நின்றிருந்தால் நாம் இதைப் பற்றி எழுத வந்திருக்க மாட்டோம். அதே இஸ்பேடும் ஆட்டீனும் வேடமாக, அதே கைப்பேசியில், பணம் வைத்து ஆடும் ரம்மியும் நுழைந்தது. சாலிட்டேரில் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. ஆடிக் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டோரைப் பற்றிய செய்திகள் நமது மாகாணத்தில் அடுக்கடுக்காக வந்த பின்னரே, 2020 நவம்பரில் சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதன் தொடர்பாக வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட்டு ரத்து செய்தது. நீதிபதி சந்துரு கமிட்டியின் அறிக்கைக்குப் பின் 2022-ல் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவைக் கவர்னர் திருப்பியனுப்பினார். சட்டசபை அதை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் சம்மதம் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவ்விரண்டையும் தடையிலிருந்து ஹைகோர்ட்டு விலக்கியது.

இந்தத் திறமை வாதத்தைச் சற்று ஆராய்வோம். ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்ற சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு 1968-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுதிகளில் காணப்படுகிறது. கம்பெனிகள் அதையே கேடயமாகப் பிடிக்கின்றன. ஆனால் அவ்வழக்கு எழுந்தது செகந்தராபாத்தில் ஒரு கிளப்பில். பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப்பின் சொந்தக்காரர் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்பதையும் அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. முன் பாதியைப் படிப்போர் பின் பாதியைப் படிக்க மறந்துவிடுகின்றனர்! கிளப்பில் எதிரே இருப்பவரின் முகம் தெரியும். ஊரார் கண் உண்டு. இரவில் கதவும் அடைபடும். கைப்பேசிக்குக் கதவு ஏது? நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆட்டத்தை மூட வேண்டுமென்று 2025 பிப்ரவரியில் நமது மாகாணம் விதி செய்ததும், ஜூனில் ஹைகோர்ட்டு அதை அங்கீகரித்ததும் இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். அவ்வாண்டு ஆகஸ்டில் பார்லிமெண்டு ஒரு படி மேலே சென்று, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையுமே தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

தடையால் பலர் உத்தியோகம் இழப்பர் என்றும், ஆடுவோர் அந்நிய நாட்டுத் தளங்களுக்கு ஓடுவர் என்றும் ஆட்சேபம் கூறப்பட்டது. முதலாவது, கள்ளுக்கடை விஷயத்திலும் கேட்ட பழைய வாதம். இரண்டாவதில் உண்மை உண்டு. சட்டம் மாத்திரம் போதாதென்பதற்கு நமது பிரதேசமே சாட்சி கூறும். 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. ஆனால் 1925-லேயே ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே ஆசிரமம் ஸ்தாபித்து, கிராமம் கிராமமாகப் பிரசாரம் செய்து, ‘விமோசனம்’ என்ற பத்திரிகையையும் நடத்தினார். ஜனங்களின் மனத்தைத் தயார் செய்துகொண்டே அவர் சட்டத்துக்கு வந்தார். கைப்பேசிச் சூது விஷயத்தில் சட்டம் முன்னே வந்துவிட்டது. பிரசாரம் இனித்தான் தொடங்க வேண்டும்.

ஆகவே, நாம் கேட்பது மூன்று. குற்றமற்ற சீட்டாட்டங்களின் நடுவே பணச் சூதின் விளம்பரம் எந்த மாறுவேஷத்திலும் தலைகாட்டாதபடி சர்க்கார் கண்காணிக்க வேண்டும். கோவைக் கலாசாலைகளும் மில் முதலாளிகளும் தொழிற் சங்கங்களும், முதற் சம்பளம் வாங்கும் இளைஞருக்கு, பணயத்தில் லாபம் யாருக்குச் சேர்கிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். சூதில் சிக்கிக் கடன்பட்டவனைக் குடும்பத்தார் அவமானத்துக்குப் பயந்து மறைக்காமல், தைரியம் சொல்லிக் காப்பாற்ற வேண்டும்.

பழைய ஆட்டத்தை ஆசையோடு ஆடுவோர் ஆடட்டும். பணம் கேட்காத வரையில் அது விளையாட்டு. பணம் கேட்கும் அக்கணமே கைப்பேசியைக் கீழே வைக்கும் திடத்தை நம் கொங்கு நாட்டு வாலிபர் பெறுவாராக!