வடை போட்டால் முடிந்ததா?

விழுப்புரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே காலை ஏழரை மணிக்கு நின்றுகொண்டு டிபன் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். தட்டை வாங்கித் திரும்பினால் நாலடி தள்ளி ஒரு செவலை நாய். குரைக்காது, கிட்டே வராது. நாம் இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோகும்போது அதன் தலையும் கூடவே ஏறி இறங்கும். அதற்கு மேல் அந்த இட்லி தொண்டையில் எப்படி இறங்கும்?

எனக்கு இறங்கியதில்லை. திண்டிவனத்திலிருந்து தினமும் கல்லூரிக்கு வருகிற நான் ஒரு வருடமாக என் வடையில் பாதியை அதற்குப் போட்டு வந்தேன். பெரிய தர்மவான் என்கிற நினைப்பு வேறு!

போன மாதம் ஒரு சின்னப் பையன், யூனிஃபார்மில், கையில் வடைப் பொட்டலத்தோடு அந்தப் பக்கம் வந்தான். செவலை எழுந்து நேராக அவன் கையை நோக்கித் தாவியது. கடிக்கவில்லை. கோபமும் இல்லை, வாலை ஆட்டிக்கொண்டுதான் தாவியது. ஆனால் நகம் கீறி முழங்கைக்குக் கீழே ரத்தம். கடைக்காரர் மஞ்சள் தூளைத் தேடினார். நான் வேண்டாமென்று சொல்லிக் குழாயடிக்கு இழுத்துப் போய் சோப்பு போட்டுக் கழுவினேன் (15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது). அவன் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, தினம் நீதானே அதுக்குப் போடுற? இப்ப ஊசிக்கும் நீ கூட வர்றியா?"

போனேன். பழைய காலத்துத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசியெல்லாம் இப்போது கிடையாது. கையில்தான் போடுகிறார்கள். முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். ரத்தம் வந்திருந்ததால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். பையன் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொன்னார்கள். பத்து நாளும் போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, என்னைப் பார்த்து வாலாட்டியது.

இதை வைத்துக்கொண்டு "அதான் சொல்றோம், யாரும் எதுவும் போடாதீங்க, தானா போயிடும்" என்பவர்களோடு நான் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எங்கே போகும் ஐயா? டிபன் கடைக்குப் பின்னால் குவிகிற எச்சில் இலையும், கோழிக்கடைக் கழிவும் இருக்கிறவரை என் பாதி வடையை நம்பி எந்த நாயும் குட்டி போடவில்லை. ஊரே சேர்ந்து மூன்று வேளையும் குப்பையில் விருந்து வைத்துவிட்டு, வடை போட்டவனை மட்டும் பிடிப்பது என்ன நியாயம்?

இட்லி நாய்க்கு ஆகாது என்பதும் சும்மா. 2013ல் வந்த ஒரு மரபணு ஆய்வின்படி, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான், நாய்க்கு 4 முதல் 30 வரை. மனிதன் சோற்றைத் தின்று தின்றே நாயாக ஆன ஜந்து அது. ஆகாதது வெங்காயமும் பூண்டும்தான், சிவப்பணுக்களை உடைக்கும். கேசரியில் கிடக்கிற திராட்சையும் கெடுதல். அப்படிப் பார்த்தால் நான் ஒரு வருடமாக அன்போடு கொடுத்தது வெங்காயம் போட்ட வடை. நல்ல தர்மம்!

ஆனாலும் என் தப்பு வெங்காயத்தில் இல்லை. பேருந்து நிலையத்தில், கையிலிருந்து போட்டேனே, அதில் இருக்கிறது. பொட்டலம் வைத்திருக்கிற கையெல்லாம் தனக்குக் கொடுக்கிற கை என்று அந்த நாய்க்குப் பாடம் நடத்தியவன் நான். ஆறு வயதுப் பையனின் கைக்கும் என் கைக்கும் அதற்கு என்ன வித்தியாசம் தெரியும்?

"பசிக்கிற ஜீவனுக்குப் போடுறது தப்பா? வள்ளலார் மண்ணுய்யா இது" என்று நண்பன் சண்டைக்கு வருகிறான். வடலூர் நமக்குப் பக்கம்தான். 1867ல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அவர் பாதி வடையைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போகவில்லையே! இடம் பார்த்து, அடுப்பு கட்டி, தனக்குப் பிறகும் அணையாமல் இருக்க ஏற்பாடு செய்தார். நம் பரிதாபமோ 7.50 பஸ் வருகிறவரைக்கும்தான்.

2024ல் தமிழ்நாட்டில் நாய்க்கடி பட்டவர்கள் ஏறக்குறைய 4.8 லட்சம் பேர். ரேபிஸில் இறந்தவர்கள் 43 பேர். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. ஊரிலிருக்கும் நாய்களில் நூற்றுக்கு 70க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவுவது அறுந்துபோகும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு. கோவாவில் அப்படி வருடாவருடம் பிடித்துப் பிடித்துப் போட்டுத்தான் மனிதச் சாவை நிறுத்திக் காட்டினார்கள். பிடிப்பதுதான் கஷ்டம். கல்லடி பட்ட நாய் யாரிடமும் வராது. சோறு போட்டவனிடம் வரும். அந்த ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? அடுத்த நாளும் வடை போடுகிறோம்.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22ல் தெருவில் உணவு போடக்கூடாது, ஒவ்வொரு வார்டிலும் அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றது. நவம்பர் 7ல் பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம், பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகத்தில் வைக்க வேண்டும், திரும்ப அங்கேயே விடக்கூடாது என்றது. நாய்ப்பிரியர்கள் கொதித்தார்கள். கொதிக்கட்டும், ஆனால் "எங்கள் வார்டில் அந்த இடம் எங்கே?" என்று மனு எழுதிக் கேட்டவர்கள் எத்தனை பேர்? காப்பகத்துக்குக் கூண்டு உண்டா, மருத்துவர் உண்டா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? நானும் கேட்கவில்லை, இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் ஒரு கறுப்பி உண்டு. அதை நானும் எதிர்வீட்டு அண்ணனும் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போய் ஊசி போட்டுவிட்டோம். என் மடியில்தான் படுத்திருந்தது, முனகக்கூட இல்லை. இப்போது அதற்குச் சாம்பார் படாத இட்லி, சுவரோரம் ஒரு தட்டில், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு. நான் இல்லாத நேரத்தில் அம்மா வைக்கிறார்.

செவலைக்கு நான் எதுவும் போடுவதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சாப்பிடுகிறேன். முதுகுக்குப் பின்னால் அது உட்கார்ந்திருப்பது தெரியும். பிடிக்கிற வண்டி ஒருநாள் வரும், வந்தால் நான்தான் கூப்பிட வேண்டும், என் குரலுக்குத்தான் வரும். வடை கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வரும்.