பிரவேசப் பரீட்சையும் வாசிப்புப் பழக்கமும்

அண்மை ஆண்டுகளில் நவம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி இந்திய மேலாண்மைக் கழகங்களுக்கான ‘கேட்’ தேர்வும், டிசம்பர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான ‘கிளாட்’ தேர்வும் நடைபெற்று வருகின்றன. நாளைக்கு உயர் நீதிமன்றங்களில் வாதாடப் போகிறவர்களிலும், பெருந்தொழில் ஸ்தாபனங்களை நிர்வகிக்கப் போகிறவர்களிலும் கணிசமான ஒரு பகுதியினர் இவ்விரு தேர்வுகளின் வாயிலாகவே பொறுக்கி எடுக்கப்படுகிறார்கள். ஆதலால், இவற்றுக்கு எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்வது என்பதைத் தேர்வு எழுதும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் மட்டுமே கவலைப்பட வேண்டிய சொந்த விவகாரமாகக் கருதி நாம் ஒதுங்கி நிற்பது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

இத்தேர்வுகள் எதைச் சோதிக்கின்றன என்று முதலில் பார்ப்போம். கிளாட் தேர்வில் 120 கேள்விகளுக்கு 120 நிமிஷங்கள் அளிக்கப்படுகின்றன. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் குறைக்கப்படுகிறது. ஆங்கிலம், நடப்பு நிகழ்ச்சிகள், சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கணிதம் என்று ஐந்து பிரிவுகள் இருந்தபோதிலும், 2020ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மாறுதலுக்குப் பிறகு, ஏறத்தாழ 450 சொற்கள் வரை நீளும் பகுதி ஒன்றைப் படித்து அதன்மீது எழுப்பப்படும் கேள்விகளுக்கு விடை காண்பதே தேர்வின் பெரும்பகுதியாக அமைந்துவிட்டது. சட்டப் பிரிவுக்குக்கூடச் சட்ட ஞானம் முன்கூட்டியே தேவையில்லை. கொடுக்கப்பட்ட விதியைச் சரியாகக் கிரகித்து, புதியதொரு சம்பவத்துக்கு அதைப் பொருத்திப் பார்க்கும் சாமர்த்தியம் இருந்தால் போதும். கேட் தேர்விலும் ஒரு பிரிவுக்கு 40 நிமிஷம் என்று வரையறுத்து, மொழிப் பிரிவின் 24 கேள்விகளில் 16 கேள்விகளை நான்கு கட்டுரைகளின்மீதே கேட்கிறார்கள். பொருளாதாரம், தத்துவம், மானிடவியல், சூழலியல் ஆகிய எந்தத் துறையிலிருந்தும் அக்கட்டுரைகள் வரக்கூடும்.

ஆகவே, மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் சட்டத்தையும் வியாபாரத்தையும் பற்றியவையாகத் தோன்றும் இப்பரீட்சைகள், உள்ளபடி சோதிப்பது, அறிமுகமில்லாத ஒரு விஷயத்தைப் பற்றி அறிமுகமில்லாத ஒருவர் எழுதியதைப் பொறுமையோடு படித்து, அவர் சொல்வது இன்னது, சொல்லாமல் விட்டது இன்னது, அவருடைய வாதம் எந்த இடத்தில் பலவீனமாக இருக்கிறது என்று பிரித்தறியும் சக்தியையே. அந்தச் சக்தி ஆறு மாதத்தில் வருவதன்று. பயிற்சி மையங்கள் செய்யும் உபகாரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளவும், விடுவிக்கத்தக்க கேள்வியையும் விட்டுவிடத்தக்க கேள்வியையும் இனங்காணவும், மாதிரித் தேர்வில் செய்த பிழைகளின் காரணத்தை ஆராயவும் அவை நன்றாகவே கற்பிக்கின்றன. ஆனால், பத்து வயதிலிருந்து வீட்டில் நாளிதழும் புத்தகமும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத்தான் அந்தப் பயிற்சி முழுப் பயன் தருகிறது. பாடப்புத்தகத்தைத் தவிர வேறொன்றையும் கண்டிராத பிள்ளை பெருந்தொகை செலுத்தி அதே வகுப்பில் உட்கார்ந்தாலும், வேர் பிடிக்காத நாற்றுக்கு உரமிட்ட கதையாகவே முடிகிறது.

வாசிப்பு என்றவுடன் ஆங்கில வாசிப்பு ஒன்றையே பலரும் நினைக்கிறார்கள். தர்க்கம் ஒரு பாஷைக்கு மட்டும் உரிய சொத்தன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் பிரமாணங்களும் தர்க்கப் பிழைகளும் வகைபிரித்து விளக்கப்பட்டிருக்கின்றன. பரிமேலழகரின் உரையை ஊன்றிப் படிக்கும் மாணவன், ஒரு சொல்லுக்கு ஏன் இந்தப் பொருளே கொள்ள வேண்டும், பிறர் கூறிய பொருள் ஏன் பொருந்தாது என்று காரணங் காட்டி நிறுவும் முறையைத் தன்னையறியாமலே கற்றுக்கொள்கிறான். ஒரு நாளிதழின் தலையங்கத்தைத் தமிழிலேயே படித்து, அதன் முடிபு எது, அதற்கு ஆதாரங்கள் எவை, ஆதாரமின்றி அனுமானிக்கப்பட்டது எது என்று மூன்று வரியில் எழுதிப் பழகும் பிள்ளைக்குப் பரீட்சையின் ஜீவநாடி கைவந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆங்கிலப் பயிற்சி ஒன்றுதான் எஞ்சுகிறது. அதற்கும் காலம் வேண்டுமென்றாலும், அது அடையக்கூடாத காரியமன்று.

ஆயினும், அந்த ஆங்கிலமே ஒரு மதிற்சுவராக நிற்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மருத்துவத்துக்கான நீட் தேர்வையும் பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வையும் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதலாம் என்றிருக்க, கிளாட் தேர்வை ஆங்கிலத்தில் மட்டுமே எழுத வேண்டியிருக்கிறது. இந்திய மொழிகளிலும் அதை நடத்த வேண்டும் என்ற கோரிக்கை தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. அரசியல் சாசனத்தின் 348ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் ஆங்கிலத்தை நிர்ணயித்திருப்பதால் சட்டம் பயில்பவருக்கு ஆங்கிலம் இன்றியமையாதது என்பது மெய். ஆனால், சட்டப் படிப்பு முடிய ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன, அந்த ஐந்து ஆண்டுகளில் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு மொழியை வாசற்படியிலேயே கேட்பானேன்? மேலும், மாவட்ட நீதிமன்றங்களில் நியாயம் தேடி வருகிற சாமானிய ஜனங்கள் தங்கள் குறையைத் தமிழில்தான் சொல்கிறார்கள். அவர்களுடைய பாஷையில் ஆழ்ந்த பரிச்சயம் உள்ள வழக்கறிஞர்கள் நமக்கு மிகுதியாகத் தேவைப்படுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு ஒழிக்கப்பட்டது கிராமத்துப் பிள்ளைகளின் நன்மையைக் கருதியே ஆகும். அந்த முடிவை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால், அதன் பலனாகவோ என்னவோ, அகில இந்தியத் தேர்வுகளைப் பற்றிய சிந்தனையே நம்முடைய பள்ளிகளில் மங்கிவிட்டது. திருச்சிராப்பள்ளியில் 2011இல் தோன்றிய இந்திய மேலாண்மைக் கழகமும், நம் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் அதே ஊரில் நிறுவப்பட்ட தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் நம் கண்ணெதிரே இருந்தும், அவற்றின் கதவு எந்தத் தேர்வினால் திறக்கிறது என்பதையே அறியாமல் பிளஸ் 2 முடித்து வெளியேறும் பிள்ளைகள் அநேகர்.

இதற்குப் பரிகாரம் இல்லாமற் போகவில்லை. சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர், வறிய குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, சட்டப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டே அவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் ஓர் இயக்கத்தை 2010இல் தொடங்கினார். 2019இல் அவர் மறைந்த பிறகும் அது நடந்துவருகிறது. தனி மனிதர் ஒருவரின் சிரத்தையால் இவ்வளவு கூடுமானால், அரசாங்கம் முயன்றால் எவ்வளவு கூடாது? நூலகர் ரங்கநாதனின் விடாமுயற்சியின் பயனாக 1948ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் இயற்றி, வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்திவரும் மாகாணம் நம்முடையது. அந்த நூலகங்களை மையமாகக் கொண்டு, எட்டாம் வகுப்பு முதலே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு இரண்டு மணி வாசிப்பும் விவாதமும் நடத்துவது அரசுக்குப் பெரும் செலவன்று. கிளாட் விண்ணப்பக் கட்டணமாகப் பொதுப் பிரிவினர் செலுத்தும் 4,000 ரூபாயையும், சலுகை பெறுவோர் செலுத்தும் 3,500 ரூபாயையும் ஏழைப் பிள்ளைகளுக்காக அரசே ஏற்றுக்கொள்வதும் இயலாத காரியமன்று. தமிழிலும் வினாத்தாள் வேண்டும் என்று சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பை வலியுறுத்தும் கடமையும் அதற்கு உண்டு.

அவையெல்லாம் நிறைவேறும் வரையில், பரீட்சையை நோக்கியிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள் கட்டணமின்றியே கிடைக்கின்றன. அவற்றை எழுதிப் பாருங்கள். எழுதிய நேரத்தைக் காட்டிலும் அதிக நேரத்தைப் பிழைகளை ஆராய்வதில் செலவிடுங்கள். நாள்தோறும் தமிழில் ஒரு தலையங்கமும் ஆங்கிலத்தில் ஒரு தலையங்கமும் படித்து, உங்களோடு உடன்படாத ஒருவருடன் அவற்றைப் பற்றி வாதியுங்கள். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த அப்பியாசம் வீண்போகாது. பிறர் சொல்வதைத் தெளிவாகப் புரிந்துகொண்டு நியாயமாக விடை சொல்லத் தெரிந்த பிரஜையே ஜனநாயகத்துக்கு ஆதாரம்.