பேச்சை நிறுத்திய பாலாஜியும் இடிக்கப்பட்ட ஜெயிலும்

ஆர்.ஜே.பாலாஜி என்றதும் முதலில் எது ஞாபகத்துக்கு வரும்? சந்தேகமே வேண்டாம், வாய்தான். எஃப்.எம்.மில் காலையில் யாருக்காவது போன் போட்டு அவரை டென்ஷன் ஆக்கிய அதே வாய். 2013ல் 'தீயா வேலை செய்யணும் குமாரு', 2015ல் 'நானும் ரௌடிதான்', அப்புறம் 2019ல் 'எல்.கே.ஜி' என்று ஹீரோவான பிறகும் அந்த வாய்தான் நடித்துக்கொண்டிருந்தது. நடுவில் கிரிக்கெட் கமென்ட்ரி வேறு. படத்துக்குப் படம் சட்டை மாறியதே தவிர உள்ளே இருந்த ஆள் மாறவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தியேட்டருக்குப் போனவர்கள் அதற்காகத்தான் போனார்கள், சிரித்துவிட்டு வந்தார்கள். காசுக்கு மோசமில்லை.

அப்படிப்பட்ட மனுஷனின் வாயைக் கட்டி, முகத்தை வீங்க வைத்து, ஒரு ஜெயிலுக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினால் என்ன ஆகும்? அதுதான் 'சொர்க்கவாசல்'. சித்தார்த் விஸ்வநாத் இயக்கிய முதல் படம். 2024 நவம்பர் 29ம் தேதி வந்தது. மறுநாளே ஃபெஞ்சல் புயல். சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். வேலப்பன்சாவடியில் வீட்டு வாசலைத் தாண்ட முடியாத நிலையில் போரூருக்கோ பூந்தமல்லிக்கோ படம் பார்க்கப் போவது யார்? டிசம்பர் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகுதான் நிறையப் பேர் பார்த்தார்கள். பார்த்தவர்களும் "சுமார்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அந்த ஒற்றை வார்த்தை இந்தப் படத்துக்குப் போதாது.

கதை 1999ல் நடக்கிறது. பார்த்திபன் என்கிற பார்த்தி ரோட்டோரத்தில் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறான். அம்மா இருக்கிறார், காதலி ரேவதி இருக்கிறாள். சொந்தமாக ஒரு ஹோட்டல் வைக்க வேண்டும் என்பது அவன் கனவு. அவன் மேல் பிரியமாக இருக்கும் ஒரு பெரிய அதிகாரி கொலை செய்யப்படுகிறார். பழி பார்த்தி மேல் விழுகிறது. நேராக சென்னை மத்திய சிறை. உள்ளே சிகாமணி என்கிற சிகா (செல்வராகவன்), போதும் இந்த வாழ்க்கை என்று விலகப் பார்க்கும் பெரிய தாதா. அந்த சிகாவின் ராஜ்ஜியத்தை உடைத்தே தீருவேன் என்று வந்திறங்கும் சிறைக் கண்காணிப்பாளர் சுனில்குமார் (ஷராஃபுதீன்). இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பார்த்தி. கடைசியில் கலவரம். அதன் பிறகு விசாரணை. முடிவைச் சொல்வது பார்க்காதவர்களுக்குச் செய்யும் துரோகம் என்பதால் அது வேண்டாம்.

பாலாஜியின் நடிப்புக்கு வருவோம். இந்தப் படத்தில் அவருடைய மிகப்பெரிய பலம் பயம். தமிழ் சினிமா ஹீரோவுக்குப் பயப்படத் தெரியாது. தெரிந்தாலும் இடைவேளை வரைக்கும்தான். ஜெயிலுக்குள் ஹீரோ நுழைந்தாலே நமக்குத் தெரியும், இன்னும் பத்து நிமிஷத்தில் அங்கே இருக்கிற பெரிய ரவுடியைச் சுவரோடு சேர்த்து அடிப்பான், மற்ற கைதிகள் வரிசையாக நின்று கும்பிடுவார்கள். பார்த்தி அப்படி இல்லை. நடக்கும்போது சுவரை ஒட்டியே நடக்கிறான். ஒருவர் கூப்பிட்டால் திரும்புவதற்கு முன்பே தோள் குறுகிவிடுகிறது. "நான் செய்யலை சார்" என்பதை எத்தனை பேரிடம்தான் சொல்வது? ஒரு கட்டத்துக்கு மேல் சொல்லியும் பயனில்லை என்று புரிகிறபோது அந்த முகத்தில் ஏதோ அணைந்துபோகிறது. இத்தனை வருஷமாகப் பேச்சை விற்றுப் பிழைத்தவர், யாரும் கேட்காத பேச்சு என்றால் என்ன என்று நடித்துக் காட்டுகிறார். இந்த வேஷத்தை வேறு யாராவது போட்டிருந்தால் இவ்வளவு உறைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

குறை இல்லையா? இருக்கிறது. அழும் இடங்களில் தடுமாறுகிறார். அம்மாவோடும் ரேவதியோடும் வரும் காட்சிகளில் பழைய பாலாஜி எட்டிப் பார்க்கிறார். கோபத்தில் வெடிக்கும்போது குரல் முந்திக்கொள்கிறது, உடம்பு பின்னால் வருகிறது. 'விடுதலை' முதல் பாகத்தில் (2023) சூரி செய்ததை நினைத்துப் பாருங்கள். அந்த போலீஸ்கார குமரேசன் நிற்கிற விதத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். அதே 2023ல் 'மாமன்னன்' வடிவேலு. அந்த உயரத்துக்கு பாலாஜி இன்னும் வரவில்லை. ஆனால் காமெடியன் அழுதால் உடனே "அட, நடிச்சிட்டார்பா" என்று விருது கொடுக்கிற வழக்கம் நமக்கு உண்டு. இவருக்கான பாராட்டு அந்த ரகம் இல்லை. அழாத இடங்களுக்காகத்தான் இவரைப் பாராட்ட வேண்டும் :-)

அந்த சாப்பாட்டுக் கடையை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். விமர்சனங்களில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத விஷயம் அது. வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரமாகச் சாயங்காலம் நின்று பார்த்தவர்களுக்கு பார்த்தியைத் தெரியும். தள்ளுவண்டி, ஒரு அடுப்பு, ஒரு தோசைக்கல், நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். அந்த வியாபாரத்தின் மூலதனம் எது? வண்டியும் பாத்திரமும் வித்தால் சில ஆயிரம் வரும். உண்மையான சொத்து அந்த இடமும், "அண்ணே, ரெண்டு இட்லி" என்று தினமும் வருகிற முகங்களும்தான். பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தில் இதற்கு 'நற்பெயர்' என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத சொத்து. அதற்கு மதிப்புப் போட சராசரி லாப முறை, உயர் லாப முறை என்றெல்லாம் சொல்லித் தருகிறார்கள். பத்து நாள் அடுப்பு எரியவில்லை என்றால் அந்தச் சொத்து பூஜ்ஜியம். பதினோராவது நாள் அந்த இடத்தில் வேறொரு வண்டி நிற்கும். வாங்கின கடனுக்கு வட்டி மட்டும் ஜெயிலுக்கு வெளியே நிம்மதியாக வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆக, கோர்ட் அவனைக் குற்றவாளி என்று சொல்வதற்கு முன்பே பார்த்திக்குத் தண்டனை முடிந்துவிட்டது. இது சினிமாவுக்காகப் பண்ணின சோகம் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ம் ஆண்டு சிறைப் புள்ளிவிவரப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல்! அவர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று சொல்ல முடியாது. ஆனால் குற்றவாளிகள் என்றும் எந்த நீதிமன்றமும் அவர்களைச் சொல்லி முடிக்கவில்லை. அதில் எத்தனை தள்ளுவண்டி, எத்தனை ஆட்டோ, எத்தனை தையல் மெஷின்?

"அதெல்லாம் சரி, போலீஸ் சும்மாவா பிடிப்பாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பக்கத்து ஊரிலேயே பதில் இருக்கிறது. 1998 ஜனவரி 28ம் தேதி பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் ராஜீவ் காந்தி கொலை வழக்கின் தீர்ப்பு வந்தது. 26 பேருக்கும் தூக்கு. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரின் தூக்கை ரத்து செய்து வெளியே விட்டது. கொலையிலும் சதியிலும் அவர்களுக்குப் பங்கு இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை என்றது. அரசியலை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். 26ல் 19. இந்தப் படத்தின் கதை நடப்பதும் அதே 1999தான்.

அந்த வருஷம் நவம்பர் 17ம் தேதி சென்னை மத்திய சிறையில் நிஜமாகவே கலவரம் நடந்தது. பாக்ஸர் வடிவேலு என்ற கைதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நோயால் இறந்தார் என்றது நிர்வாகம். அடித்தே கொன்றுவிட்டார்கள் என்று உள்ளே செய்தி பரவியது. கைதிகள் கொதித்தார்கள். ஒரு துணை ஜெயிலரை உயிரோடு எரித்தார்கள். போலீஸ் உள்ளே புகுந்து சுட்டதில் கைதிகள் பலர் செத்தார்கள். 'சொர்க்கவாசல்' இந்தச் சம்பவத்தைத்தான் தழுவியிருக்கிறது என்பது பார்த்ததும் தெரியும்.

இங்கேதான் படத்தோடு ஒரு சண்டை. நிஜத்தில் பயங்கரமானது எது? ஒருவர் இறந்தால் "நோயால் இறந்தார்" என்று நிர்வாகம் சொல்வதை ஆயிரக்கணக்கான கைதிகளில் ஒருவரும் நம்பவில்லை என்பதுதான். அந்த அவநம்பிக்கை ஒரே நாளில் வந்திருக்காது. படம் இதை ஒரு சதியாக மாற்றிவிடுகிறது. அதிகாரி ஒருவர் காய் நகர்த்துகிறார், அதனால் எல்லாம் பற்றி எரிகிறது. வில்லன் கிடைத்துவிட்டால் நமக்கும் நிம்மதி. அந்த ஆள் சரியாக இருந்திருந்தால் ஜெயிலும் சரியாக இருந்திருக்கும் என்று கையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். ஷராஃபுதீன் நன்றாகத்தான் செய்திருக்கிறார், அது வேறு விஷயம். ஆனால் அவ்வளவு கெட்டவராக ஒருவரும் இல்லாமலேயே அந்தக் கட்டடத்துக்குள் இதெல்லாம் நடந்திருக்கும் என்று காட்டியிருந்தால் படம் இன்னும் பயமுறுத்தியிருக்கும்.

அந்தக் கட்டடத்தின் சரித்திரமே அதற்கு சாட்சி. 1837ல் கட்டியது. சுபாஷ் சந்திர போஸிலிருந்து அண்ணா, கருணாநிதி, ஜெயலலிதா வரைக்கும் உள்ளே இருந்திருக்கிறார்கள். எமர்ஜென்சியில், 1976ல், மிசா கைதிகளை அங்கே அடித்து நொறுக்கினார்கள். மு.க.ஸ்டாலின் மேல் விழுந்த அடியைத் தன் மேல் வாங்கிக்கொண்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்துபோனார். அதை விசாரிக்க நீதிபதி இஸ்மாயில் கமிஷன் போட்டார்கள். 'சொர்க்கவாசல்' படத்தில் கலவரத்தை விசாரிக்க வரும் அதிகாரியின் பெயர் (நட்டி) என்ன தெரியுமா? இஸ்மாயில்! தெரிந்தே வைத்தார்களா, தற்செயலா, தெரிந்தே வைத்திருந்தால் எழுத்தாளர்களுக்கு ஒரு சபாஷ். இணைந்து எழுதியவர்களில் 'சார்பட்டா பரம்பரை'யில் பணியாற்றிய தமிழ்ப்பிரபாவும் ஒருவர். வடசென்னை மனுஷர்களின் பேச்சு சினிமாத்தனமாக இல்லாமல் வருவதற்கு அவர் காரணமாக இருக்கலாம்.

விசாரணையில் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லக் கதை விரிவதும் புதுசு இல்லை. 2004 பொங்கலுக்கு வந்த 'விருமாண்டி'யில் கமல் ஒரே சம்பவத்தை இரண்டு பேர் வாயால் சொல்ல வைத்தார், அதிலும் ஜெயில் கலவரம் உண்டு. அதற்குப் பத்து வருஷம் முன்னால் 'மகாநதி' (1994). சிட் ஃபண்டில் ஏமாந்து உள்ளே போகிற கிருஷ்ணசாமி. தமிழில் ஜெயில் என்றால் இன்றைக்கும் அந்தப் படத்தை வைத்துத்தான் அளக்க வேண்டியிருக்கிறது. 'மகாநதி'யில் நாம் கிருஷ்ணசாமியை விட்டு நகரவே மாட்டோம். 'சொர்க்கவாசல்' அந்தத் தைரியத்தை பார்த்தியிடம் காட்டவில்லை. சிகா கதை, டைகர் மணி கதை, கருணாஸ் நடித்த கட்டபொம்மன் கதை, வெளிநாட்டுக் கைதி கென்ட்ரிக் கதை என்று ஆளாளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்ததில் பார்த்தி நடுவில் காணாமலே போகிறான். கருணாஸுக்காக அதை மன்னிக்கலாம். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் நசுங்கும் அந்த அதிகாரி, பார்த்திக்கு இணையான இன்னொரு கைதி, சம்பளம் வாங்குகிற கைதி. செல்வராகவனுக்காக மன்னிக்க முடியாது. தளர்ந்துபோன தாதா என்பதைத் தளர்ந்துபோன நடிப்பு என்று புரிந்துகொண்டுவிட்டாரோ என்று தோன்றுகிறது.

ஆக்‌ஷன் எப்படி என்று கேட்பவர்களுக்கு: கலவரக் காட்சி நன்றாக வந்திருக்கிறது. யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாமல், புகையும் தூசியுமாக, கேமரா கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. பறந்து பறந்து அடிப்பதெல்லாம் இல்லை. கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பார்த்தி என்ன செய்கிறான் என்பதை மட்டும் கண் வைத்துப் பாருங்கள். இட்லி சட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்த கை அது.

நிஜமான மத்திய சிறை இப்போது இல்லை. 2006ல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009ல் இடிப்பதற்கு முன்னால் சில நாள் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். குடும்பம் குடும்பமாகக் கூட்டம் போனது. யாரை எங்கே வைத்திருந்தார்கள், தலைவர்கள் இருந்த அறை எது என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெயர் தெரியாத ஆட்கள் இருந்த அறைகள் அதைவிட ரொம்ப அதிகம். அந்த அறைகளைக் கடந்து போய்த்தான் தலைவர்கள் அறைக்குப் போயிருப்பார்கள்.